இரண்டாம் கிளாஸில் என் கொள்கை பட்ட பாடு

ஆசிரியர் தொழிலில் ஒரு பெரிய வசதி, பாடம் நடத்தத் தெரிவதற்கு முன்பே பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடலாம். தையல் கற்கப் போனால்கூட முதலில் காஜா எடுக்கச் சொல்லித்தான் உட்காரவைப்பார்கள். எங்களுக்கு முதல் வாரமே கொள்கை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. காக்ஸ் டவுனில் வீடு. அப்பா, அம்மா, தம்பி என்று மூன்று பேர், மூவருமே என் பாடக்குறிப்பு நோட்டுக்குப் பயந்தவர்கள். இதைப் படிக்கும் நீங்களும் ஒரு காலத்தில் சாக்பீஸ் தூளை முழுங்கியவர் என்றால், சார்ட்டு பேப்பரின் மேல் இங்க் கொட்டி அழுதவர் என்றால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். நம் கஷ்டத்தை நாம் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

பத்துப் பக்கம்

எங்களுக்குப் பாடமுறை சொல்லிக்கொடுத்தவர் கெம்பண்ணா சார். கன்னடக்காரர். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்ததால் தமிழும் உருதுவும் தடையில்லாமல் பேசுவார், பல நேரம் ஒரே வாக்கியத்தில். அவர் ஒரு நாள், "நீங்கள் எப்படிப்பட்ட ஆசிரியராக இருப்பீர்கள்?" என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மற்றவர்கள் மூன்று பக்கத்தில் முடித்தார்கள். நான் பத்துப் பக்கம் எழுதினேன். என் வகுப்பில் முதல் பெஞ்சும் கிடையாது, கடைசி பெஞ்சும் கிடையாது. நடக்க முடியாத குழந்தை, பார்வை குறைந்த குழந்தை, மெதுவாகப் படிக்கும் குழந்தை, வீட்டில் கன்னடம் பேசும் குழந்தை, உருது பேசும் குழந்தை எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள், ஒருவரையும் ஒதுக்கமாட்டேன் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். 'மலர்கள்' என்ற சொல் மட்டும் பதினேழு இடத்தில் வந்திருந்தது, பிறகு எண்ணிப் பார்த்தேன்.

சார் அதை வகுப்பிலேயே நின்றுகொண்டு கடைசி வரி வரை படித்தார். பாராட்டைக் கேட்கத் தயாராக நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. பத்துப் பக்கத்துல ஒரு புள்ளைக்குக்கூட மூக்கு ஒழுகலியே, அது ஏன்?"

யாருக்குக் கல்யாணம்?

பாடம் நடத்திப் பழக எனக்கு விவேக் நகரில் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் ஒதுக்கினார்கள். இரண்டாம் வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள். காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர் வந்து பஸ் மாற வேண்டும். இரண்டு பஸ்ஸிலும் கூட்டம் ஜன்னல் வழியாக வழியும். பயிற்சி ஆசிரியை என்பவள் தனியாகப் போகமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். சார்ட்டுச் சுருள், சுருட்டி எடுத்துப்போகும் கரும்பலகை, அட்டைப் பெட்டி, தெர்மோகோல் மாடு என்று ஒரு குடும்பமே அவளோடு போகும்.

என் கொள்கைப்படி, பார்வை குறைந்த குழந்தையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி சார்ட்டு செய்ய வேண்டும். அந்த வகுப்பில் பார்வை குறைந்த குழந்தை யாரும் இல்லை என்பதை நான் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிசி, ராகி, துவரம் பருப்பு எல்லாவற்றையும் உண்மையாகவே பசை போட்டு ஒட்டி 'தானியங்கள்' என்று ஒரு சார்ட்டு செய்தேன். பசை காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது. சிவாஜிநகர் திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட்டார். தூக்கிப் பிடித்திருந்த சுருளிலிருந்து தானியம் முழுதும், எனக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்களின் தலையில் கொட்டியது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்: "யாருக்கும்மா கல்யாணம்? பஸ்ஸு பூரா அட்சதை போட்டுக்கினு வர்றே!"

வட்டம்

முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு இருக்கக்கூடாது என்று எழுதியாகிவிட்டது. எனவே முதல் நாளே பெஞ்சுகளை வட்டமாகப் போட முடிவு செய்தேன். ஒவ்வொரு பெஞ்சும் தேக்கு மரமோ என்னவோ, நானும் பன்னிரண்டு பிள்ளைகளும் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். நகரும்போது அது போடும் சத்தத்தில் பக்கத்து ஒன்றாம் வகுப்பு மிஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் வட்டம் தயார். நான் நடுவில் நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, பாதிப் பிள்ளைகள் கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீதிப் பாதிக்கு என் பின்னல்தான் தெரிகிறது.

ஆனால் பிள்ளைகளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு ஆர்வமாக ஒரு வகுப்பு அதற்குப் பிறகும் என்னைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் பெஞ்சின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். என் கொள்கை வேலை செய்கிறது என்று மனம் குளிர்ந்து, "இப்ப பாடத்தை ஆரம்பிக்கலாமா?" என்றேன். ஒரு பெண் கவலையோடு கேட்டாள்: "பாடமா? பாட்டு எப்ப மிஸ் போட்டு நிறுத்துவீங்க, நாங்க எப்ப எடம் புடிக்கறது?"

பாசஞ்சரும் எக்ஸ்பிரஸும்

பெஞ்சுகள் பழைய இடத்துக்குப் போனபோது, முதல் பெஞ்சு ஓரத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்திருக்காமல் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க மிஸ். போதும். நிறுத்துங்க." அவள்தான் பவானி. ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கையும் வலது காலும் சரியாக வராது. கை மடங்கியபடி மார்போடு ஒட்டியிருக்கும், மேலே எழும்பாது. நடந்தால் ஒரு பக்கம் சாய்வாள். இடது கையால் எழுதுவாள், அதுவும் மெதுவாக.

தலைமை ஆசிரியை ரெஜினா மிஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. படி செங்குத்து. கொடியேற்றும் நாளில் பவானி ஒருமுறை அந்தப் படியில் விழுந்துவிட்டாள். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஊரின் மறுகோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜூன் மாதம் அங்கே அனுப்பிவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார், அவ்வளவுதான். நான் என் பத்துப் பக்கத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "உன் கடைசிப் பாடத்துக்கு நானும் பின்னாடி வந்து உக்கார்றேன். மத்த பிள்ளைங்களோட சரிக்குச் சரியா அவ பதில் சொல்றத நான் கண்ணால பார்த்தா, அப்ப பேசுவோம்" என்றார்.

பவானியின் அம்மா கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மறுகோடிக்குக் கூட்டிப்போய் விட்டு வேலைக்கு வருவது நடக்காத காரியம். இந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் பெண் வீட்டில்தான். அன்று சாயந்திரம் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். என் கையைப் பிடித்த அவர் கையில் நூல் ஒட்டியிருந்தது. அழப்போகிறார் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன். ஆனால் அவர் அழவில்லை, வக்கீல் மாதிரி எடுத்துச் சொன்னார்: "கைதான் மிஸ் பாசஞ்சர் வண்டி. வாயி எக்ஸ்பிரஸ். நீங்க கேள்வி மட்டும் கேளுங்க, மிச்சத்த அவ பார்த்துக்குவா."

உபகாரம்

அடுத்த நாளிலிருந்து நான் பவானியைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே! பையை நானே மாட்டிவிட்டேன். பென்சிலை நானே சீவினேன். தண்ணீர் பாட்டில் மூடியை நானே திறந்தேன். எழுந்து நின்றால் ஓடிப்போய்ப் பிடித்தேன், உட்கார்ந்தால் ஓடிப்போய்ப் பிடித்தேன். மற்ற நாற்பது பேரும் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நல்லவேளை ஜன்னலுக்குக் கம்பி இருந்தது.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டு நேரம். அவள் டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்து, இடது கையால் ஒரு திருப்புத் திருப்பித் திறக்கும் வித்தையை வைத்திருந்தாள். அது தெரியாமல் நான் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கித் திறந்தேன். எலுமிச்சைச் சாதம் பாதி என் புடவையில், பாதி தரையில். பவானி தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விட்டாள்: "மிஸ், உங்களுக்கு வேற வேலையே குடுக்க மாட்டாங்களா?"

இடது கை நாள்

சாதம் கொட்டியதில் ஒரு ஞானம் பிறந்தது. பவானிக்கு உதவுவது முக்கியமல்ல, மற்றவர்கள் அவள் நிலைமையைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்! மறுநாள் வகுப்பு முழுவதும் இடது கையால்தான் எழுத வேண்டும் என்று அறிவித்தேன். என் எண்ணப்படி எல்லோரும் கஷ்டப்பட்டு, கண் கலங்கி, பவானியை அன்போடு திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. எல்லோரும் கோழி கிளறின மாதிரி எழுதிக்கொண்டிருக்க, அன்று வகுப்பிலேயே வேகமாக எழுதி முடித்தவள் பவானி. முடித்துவிட்டுச் சும்மாவா இருந்தாள்? பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொருவர் நோட்டையும் எட்டிப் பார்த்து, "இன்னும் முடிக்கலியா?" என்று விசாரித்து வந்தாள். என்னிடமும் வந்து, நான் இடது கையால் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இரண்டு பேர் அழுதார்கள். ஆனால் அன்பினால் அல்ல.

பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடித்துப்போய் வீட்டிலும் தொடர்ந்தார்கள். மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நான்கு அப்பாக்கள் நின்றார்கள். கறிக்கடைக்காரர் ஒருவர் முன்னால் வந்து, மரியாதையாகத்தான், கேட்டார்: "மிஸ், நீங்க நல்லதுக்குத்தான் சொல்லிருப்பீங்க. ஆனா எம் பொண்ணு நேத்து எம் மாமியார் வீட்டு விருந்துல பீச்சாங்கையால பிரியாணி துன்னுது, இத நான் எங்க போய் சொல்றது?"

பின்வரிசை அக்காக்கள்

நம் தொழிலில் விமர்சனப் பாடம் என்று ஒரு கொடுமை உண்டு. ஒருத்தி பாடம் நடத்துவாள், கூடப் படிக்கும் மற்ற பயிற்சி ஆசிரியைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் செய்யும் தப்புகளை நோட்டில் எழுதுவார்கள். என் விமர்சனப் பாடம் 'தண்ணீர்'. பாடக்குறிப்பில் இரண்டு கட்டம் போடுவோம், இந்தப் பக்கம் மிஸ் கேட்கும் கேள்வி, அந்தப் பக்கம் பிள்ளைகள் சொல்லப்போகும் பதில். அவர்கள் சொல்லப்போவதை முதல் நாளே நாம் எழுதிவிடுவோம், அதுதான் முறை. "நமக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" எதிரே, "மழையிலிருந்து."

கேட்டேன். தூக்கிய கைகள் மூன்று. ஒன்று, "டேங்கர் லாரிலேர்ந்து மிஸ்." இரண்டாவது, "ஓனர் அத்தை மோட்டார் போட்டா வரும் மிஸ்." மூன்றாவது, ஒன்றுக்குப் போக அனுமதி. அதன் பிறகு யாரும் கை தூக்கவில்லை. அன்று பவானியும் வாய் திறக்கவில்லை, திரும்பித் திரும்பிக் கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் எட்டுப் பேனாக்கள் பரபரவென்று ஓடின. எட்டு நோட்டிலும் ஒரே வரி: 'மாணவர் பங்கேற்பு மிகக் குறைவு.' இதே பாடத்தைத்தான் கடைசிப் பாடமாக, கெம்பண்ணா சாருக்கும் ரெஜினா மிஸ்ஸுக்கும் முன்னால் நடத்த வேண்டும். மணி அடித்ததும் பவானி தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, பின்பக்கம் கண்ணைக் காட்டி இரக்கத்தோடு கேட்டாள்: "பாவம் மிஸ், இந்த அக்காங்க எல்லாம் எத்தன வருஷமா ரெண்டாங்கிளாஸ்லயே ஃபெயிலாவறாங்க?"

குமுதாவின் வழி

கூடப் படித்த குமுதாதான் எனக்கு வழி சொன்னாள். அவளுடைய அக்கா டீச்சர், சித்தி டீச்சர், பரம்பரையாக வரும் வித்தை. பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும். பின்னால் இருப்பவர் கண்ணுக்கு வகுப்பு முழுவதும் கைகளாகத் தெரியும். மிஸ் வலது கைகளாகப் பொறுக்கிப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒரு பதிலும் தப்பாது. முதலில் எனக்கு உறுத்தியது. பிறகு ரெஜினா மிஸ்ஸை நினைத்தேன், பவானியை நினைத்தேன், வகுப்பு நன்றாக நடந்தால் அவளுக்குத்தானே நல்லது என்று மனசாட்சியைச் சமாதானம் செய்தேன். என் மார்க்கையும் கொஞ்சம் நினைத்தேன், மறைப்பானேன்.

கடைசிப் பாடம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை ஒத்திகை வைத்தேன். வியாழன்தோறும் பவானியின் அம்மா அரைநாள் லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போவார், எனவே அவள் அன்று இல்லை. வந்ததும் நான் சொல்கிறேன் என்று பக்கத்தில் உட்காரும் ஷர்மிளா பொறுப்பேற்றுக்கொண்டாள். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள். எனக்குத்தான் சிரமம், எதிரே இருப்பவர்களின் வலது கை என் இடப்பக்கம் வந்து குழப்பியது. வீட்டில் அப்பாவையும் தம்பியையும் எதிரே உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, கண் தானாக வலது கைக்கே போகும்வரை பழகினேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது, சார் கண்டுபிடித்துவிட்டால்? குமுதா சிரித்தாள்: "அவரு எத்தன கைன்னுதாண்டி பார்ப்பாரு, எந்தக் கைன்னா பார்க்கப் போறாரு?"

கடைசிப் பாடம்

வெள்ளிக்கிழமை. பின்னால் கெம்பண்ணா சார், பக்கத்தில் ரெஜினா மிஸ். முதல் கேள்வியைக் கேட்டேன். நாற்பத்தொரு கைகள்! சார் புருவத்தை உயர்த்தினார். நான் வலது கைகளாகப் பொறுக்கினேன். பதில்கள் பாடக்குறிப்பில் எழுதியபடியே வந்தன. "மழையிலிருந்து மிஸ்." "ஏரியிலிருந்து மிஸ்." ஐந்து கேள்வி முடிந்தபோது நான் தரையில் நிற்கவில்லை, மிதந்துகொண்டிருந்தேன்.

முதல் கேள்வியிலிருந்தே பவானி கையைத் தூக்கித்தான் வைத்திருந்தாள். இடது கையை. என் கண் அதைத் தாண்டித் தாண்டிப் போனது. இடது கை என்றால் தெரியாத பிள்ளை என்று முந்தின நாள் பூரா என் கண்ணுக்கு நானே பாடம் நடத்தியிருந்தேனே! வகுப்பையே ஒரு நாள் முழுக்க இடது கையால் எழுதவைத்தவள் நான், அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ரெஜினா மிஸ்ஸின் பார்வை முதல் பெஞ்சு ஓரத்திலேயே இருந்தது. ஆறாவது கேள்வி, "மேகம் எப்படி உண்டாகிறது?" பவானி இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். அது சரிந்தது. மறுபடி தூக்கினாள். ஷர்மிளா பொறுக்காமல் அவள் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினாள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்: "ஷர்மிளா, அவ கையோட விளையாடாம பாடத்தைக் கவனிம்மா."

பவானி எழுந்து நின்றுவிட்டாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கோபத்தில் மூக்கு விடைக்க, வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னாள்: "மிஸ், எனக்கு எல்லாத்துக்கும் பதில் தெரியும். தெரிஞ்ச கை எனக்கு மேல வராது. தெரியாத கைதான் வரும். நான் இன்னா பண்றது?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. "தெரிஞ்ச கையா? அது என்னம்மா அது?" என்றார் கெம்பண்ணா சார். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து அவருக்கு விளக்கினாள். "சார், பதில் தெரிஞ்சா சோத்தாங்கை தூக்கணும், தெரியாட்டி பீச்சாங்கை தூக்கணும். மிஸ் நேத்து சொல்லிக்குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொல்லிக்குடுத்தாங்க."

காது மடல்வரை எனக்குச் சுட்டது. பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பவானி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே வைத்துக்கொள்ளப் புறப்பட்ட நானே அவளை வெளியே நிறுத்திவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஆமா சார். தப்பு என்னோடதுதான். பிள்ளைங்க மேல ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு பாடக்குறிப்பை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். "எல்லாரும் கையைக் கீழ போடுங்க. பவானி, நீ சொல்லும்மா, மேகம் எப்படி உண்டாகுது?"

"எங்கம்மா இட்லிப் பானை மூடியத் தொறந்தா மூடியில தண்ணி இருக்கும் மிஸ். அடியில கொதிக்கிற தண்ணிதான் மேல போய் ஒட்டிக்கும். வெயில்ல ஏரித் தண்ணி அந்த மாதிரி மேல போவுது. மேல மூடி இல்ல, அதனால அங்கயே சும்மா நிக்குது. கனமாச்சுன்னா கொட்டிடும்." என் பாடக்குறிப்பில் இவ்வளவு நல்ல பதில் இல்லை. அவள் மூச்சு வாங்கவில்லை, முந்தைய ஐந்து கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொன்னாள், இரண்டு இடத்தில் மற்றவர்கள் சொன்னது தப்பு என்றாள். அதைக் கேட்டு, தெரியாத கை தூக்கியவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். எங்க வீட்டுக் குக்கர்ல வரும் மிஸ், எங்க மாமா பாத்ரூம் கண்ணாடியில வரும் மிஸ் என்று ஆளுக்கொரு மேகம். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். மணி அடித்தது யாருக்கும் காதில் விழவில்லை.

பிள்ளைகள் வெளியே ஓடியதும் கெம்பண்ணா சார் முன்னால் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "இந்தக் கை வேலை எனக்கும் தெரியும்மா, பயிற்சியில நானே பண்ணினவன்தான். ஆனா எந்தப் புள்ளையும் எழுந்து நின்னு நியாயம் கேட்டதில்ல" என்றார். பதிவேட்டில் மார்க்கைத் தாராளமாகக் குறைத்துவிட்டு, பாஸ் போட்டார். ரெஜினா மிஸ் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஜன்னல் வழியாக, மைதானத்தில் ஷர்மிளாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பவானியைப் பார்த்தபடி இருந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நான் கரும்பலகையைத் துடைத்தேன். மெதுவாக எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, வாசலுக்குப் போய்த் திரும்பிச் சொன்னார்: "ஜூன்ல மூணாங்கிளாஸ் கீழ வந்துடும், என் ஆபீஸ் மாடிக்குப் போயிடும். என் முட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன், அந்தப் பொண்ணோட வாய்க்கு இனி நீங்க யாராவது பதில் சொல்லுங்க."

அதன் பிறகு இத்தனை வருடம் டீச்சராக இருந்தும் என் வகுப்பில் கை தூக்கும் வழக்கமே கிடையாது, தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி என்று அதற்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், பக்கத்து வகுப்பு மிஸ் வேறொரு பெயர் வைத்திருக்கிறார்.